பச்சைச் சூரியனும் ஒரு விண்ணப்பமும்

1883 செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் மெட்ராஸ்காரர்கள் பச்சைச் சூரியனைப் பார்த்தார்கள். உச்சிப்பொழுதில் பெரிய வித்தியாசம் இல்லை. காலையிலும் மாலையிலும் அடிவானத்தை நெருங்கும்போதுதான் விஷயமே: முதலில் நீலச்சாயல், பிறகு நல்ல பச்சை. கண் கூசாமல் நேராகப் பார்க்க முடிந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலும் அதே நாட்களில் அதே சூரியன்.

இரண்டு வாரம் முன்னால், ஆகஸ்ட் 27ஆம் தேதி காலை, ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவில் இருந்த கிரகடோவா தீவு வெடித்திருந்தது. 36,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களைக் கொன்றது நெருப்பு இல்லை, கடல். அங்கிருந்து மெட்ராஸ் சுமார் 3,500 கிலோமீட்டர். ஆனால் அந்தத் தூசி நம் ஊருக்குக் குறுக்குவழியில் வரவில்லை. வளிமண்டலத்தின் மேலடுக்குக்கு ஏறி, அங்கே அடித்த காற்றோடு மேற்கே போய், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக், பசிபிக் என்று பூமியையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து சேர்ந்தது. வழியில் ஹொனலுலுவில் செரினோ பிஷப் என்ற பாதிரியார் சூரியனைச் சுற்றி ஒரு மங்கலான வளையத்தைப் பார்த்து எழுதி வைத்தார். அதற்கு இன்றைக்கும் 'பிஷப் வளையம்' என்றுதான் பெயர்.

ஏன் பச்சை? சாதாரணமாக மாலைச் சூரியன் சிவப்பாகத் தெரிவதற்குக் காரணம், காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடித்துவிடுகிறது, சிவப்பு மிஞ்சுகிறது. காற்றில் மிதக்கும் துகள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில், ஒளியின் அலைநீளத்தை ஒட்டிய அளவில் இருந்துவிட்டால் கணக்கு தலைகீழாகிறது. சிவப்பு சிதறிப்போய் பச்சையும் நீலமும் மிஞ்சும். இது இன்றைய விளக்கம். 1883இல் மெட்ராஸில் இருந்தவர்களுக்கு இது தெரியாது. தெரியாமலேயே அவர்கள் செய்த வேலைதான் என்னை இந்தக் கட்டுரைக்கு இழுத்தது.

மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, ஜார்ஜ் டவுனில் இருந்தது. அங்கே இயற்பியல் சொல்லிக்கொடுத்த சார்லஸ் மிச்சி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நிறமாலைமானியை எடுத்து அந்தப் பச்சைச் சூரியனைப் பார்த்தார். நிறமாலையின் சிவப்புப் பக்கம் மங்கியிருந்ததையும் நீராவியின் தடங்கள் அழுத்தமாக இருந்ததையும் குறித்துக்கொண்டு எடின்பரோவுக்கும் லண்டனுக்கும் எழுதினார். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில், அதாவது இன்றைக்கு காலேஜ் ரோட்டில் வானிலை மையம் இருக்கும் அதே வளாகத்தில், அரசு வானியலாளராக இருந்த நார்மன் போக்சனும் அதைப் பதிவு செய்தார். துறைமுகங்களில் இருந்த அலை அளவிகள், நாகப்பட்டினத்தில் இருந்தது உட்பட, ஆகஸ்ட் 27 அன்றே கடலின் நடுக்கத்தைக் காகிதச் சுருளில் கிறுக்கி வைத்திருந்தன. காற்றழுத்தமானிகள் வெடிப்பின் அழுத்த அலையைப் பிடித்திருந்தன. இலங்கையின் கிழக்குக் கரையில், அறுகம் பகுதியில், அந்த அலையால் ஒரு பெண் இறந்துபோனதாகப் பதிவு இருக்கிறது.

இதெல்லாம் போய்ச் சேர்ந்த இடம் லண்டன். ராயல் சொசைட்டி ஒரு குழு போட்டு, உலகம் முழுவதிலுமிருந்து கடிதங்களையும் அளவீடுகளையும் திரட்டி, ஜி. ஜே. சைமன்ஸ் பதிப்பித்த ஒரு பெரிய அறிக்கையை 1888இல் வெளியிட்டது. ஒரு எரிமலையை உலகம் முழுக்கச் சேர்ந்து படித்த முதல் சந்தர்ப்பம் அதுதான் என்று சொல்லலாம். ஆனால் 'உலகம் முழுக்க' என்பதில் ஒரு சின்ன விவரம் இருக்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் எழுதவில்லை. எழுதியவர்கள் எல்லோருக்கும் கையில் கருவி இருந்தது, கடிதம் அனுப்ப ஒரு முகவரியும் இருந்தது.

அந்த நுங்கம்பாக்கம் வானாய்வகத்திலேயே சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்று ஒருவர் பல ஆண்டுகள் உதவியாளராக வேலை பார்த்தார். 1867இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தவர். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அதைப் பற்றி நம்மூர் மொழிகளில் மக்களுக்குப் புத்தகம் போட்டவர். ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினர். 1880இல் இறந்துவிட்டார். இன்னும் மூன்று வருஷம் இருந்திருந்தால் பச்சைச் சூரியனைப் பற்றி அவர் என்ன எழுதியிருப்பார், எந்த மொழியில் எழுதியிருப்பார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

2

நான் நந்தனத்தில் இருக்கிறேன். மென்பொருள் வேலை. எனக்கும் எரிமலைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டால், அக்கா பொண்ணுதான் சம்பந்தம். நிலவியலில் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். போன வருஷம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "மாமா, நான் எரிமலையில பிஎச்டி பண்ணப்போறேன்" என்றாள். அக்கா ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைக்காமலே, "ஏன், இந்த ஊர்ல இல்லாததா பாத்துத்தான் படிக்கணுமா?" என்று கேட்டாள்.

அக்கா சொன்னது நிலவியல்படி சரி. நந்தனத்திலிருந்து அண்ணா சாலையில் தெற்கே போனால் சைதாப்பேட்டைப் பாலம், அப்புறம் சின்னமலை, அப்புறம் பரங்கிமலை. மெட்ரோவுக்குச் சுரங்கம் போட்டபோது பல இடங்களில் குறுக்கே நின்று வேலையைத் தாமதப்படுத்தின பாறை அந்த மலைகளின் உறவுதான். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறைக்கு சார்னகைட் என்று பெயர் வைத்தவர் தாமஸ் ஹாலண்ட். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னக்கின் கல்லறைப் பலகை இந்தப் பாறையில் செய்யப்பட்டிருந்தது, அதனால் அந்தப் பெயர். ஹாலண்ட் இதை மாக்மா குளிர்ந்து உண்டான பாறை என்று நினைத்தார். 1900இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காக விரிவாக எழுதினார். பிறகு பல பத்தாண்டுகள் இது மாக்மாவா, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறையா என்று உலகமே சண்டை போட்டது. எப்படிப் பார்த்தாலும் இது சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை, பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் உருவானது. எந்த எரிமலையும் உமிழ்ந்தது இல்லை.

திருவண்ணாமலை அணைந்த எரிமலை என்று வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் தீபத்துக்கு முன்னால் ஒரு செய்தி சுற்றும். அதுவும் இல்லை. அதுவும் ஆழத்தில் உருவாகி, மேலே இருந்ததெல்லாம் அரித்துப்போன பிறகு வெளியே தெரிகிற பழம்பாறைதான். தமிழ்நாட்டில் எரிமலைக்கு நெருங்கிய சொந்தம் வேண்டும் என்றால் திருப்பத்தூர் பக்கம் சேவாத்தூருக்குப் போக வேண்டும். அங்கே கார்பனடைட் என்ற அபூர்வமான பாறை இருக்கிறது, ஏறக்குறைய 80 கோடி ஆண்டு வயது. சுண்ணாம்புச் சத்து உருகி மாக்மாவாக ஏறி வந்து உறைந்தது. இதே குடும்பத்து மாக்மாவை இன்றைக்கும் லாவாவாகக் கக்குகிற ஒரே எரிமலை தான்சானியாவின் ஓல் டோய்ன்யோ லெங்காய். சேவாத்தூர் அது மாதிரி ஒன்றின் அடிவேராக இருந்திருக்கலாம். மரம் போய்விட்டது.

ஆக, அவள் வெளியேதான் போக வேண்டும். கேள்வி, எப்படி? அதைத் தேடிப் போனபோதுதான் இந்தத் துறையின் வரலாறே எப்படிப்பட்டவர்களால் எழுதப்பட்டது என்று தெரிந்தது.

3

எரிமலையைக் கவனிக்கவென்றே ஓர் ஆய்வகம் முதன்முதலில் வந்தது இத்தாலியில், வெசூவியஸ் மலைச்சரிவில், 1841இல். நேப்பிள்ஸ் அரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட் கட்டிக்கொடுத்தது. மற்றபடி பத்தொன்பதாம் நூற்றாண்டில் எரிமலையியல் தனிப் படிப்பு இல்லை. நிலவியலாளர்கள், வேதியியலாளர்கள், கப்பல் தலைவர்கள், பாதிரியார்கள் என்று ஆளாளுக்குப் பார்த்து எழுதினார்கள்.

1902 மே 8 அன்று கரீபியன் தீவான மார்டினிக்கில் பெலே மலை வெடித்தது. சூடான வாயுவும் சாம்பலும் கலந்த மேகம் தரையோடு தரையாக உருண்டு வந்து, சில நிமிடங்களில் செயின்ட் பியர் நகரத்தை அழித்தது. சுமார் 28,000 பேர் இறந்தார்கள். பார்க்கப் போனவர்களில் தாமஸ் ஜாகர் என்ற இளம் அமெரிக்க நிலவியலாளரும் ஒருவர், ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். வெடித்த பிறகு போய்ப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை, எரிமலைக்குப் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும் என்று அவர் முடிவு பண்ணினார். 1912இல் ஹவாயில் கிலாவேயா விளிம்பில் ஓர் ஆய்வகத்தை நிறுவினார்.

ஜாகருக்கு முன்னால் அங்கே போய் முதல் அவதானிப்புகளைச் செய்தவர் ஃபிராங்க் பெரெட். இவர் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது, காரணம் இவர் எஞ்சினியர். எடிசனிடம் வேலை பார்த்தவர், மின்மோட்டார் தயாரிக்கிற கம்பெனி நடத்தியவர். உடம்பு கெட்டுப்போய் ஓய்வுக்காக நேப்பிள்ஸ் போனார். போன இடத்தில் வெசூவியஸ் இருந்தது. ஆய்வகத்தின் இயக்குநர் மத்தேயுச்சியிடம் சம்பளமில்லா உதவியாளராக ஒட்டிக்கொண்டார். 1906 வெடிப்புக்குக் கொஞ்ச நாள் முன்னால் இரவில் படுத்திருந்தபோது, இரும்புக் கட்டிலில் பல்லை அழுத்தினால் தரைக்கடியிலிருந்து தொடர்ச்சியாக ஒரு ரீங்காரம் கேட்கிறது என்று கண்டுபிடித்தார். இன்றைக்கு எரிமலை நடுக்கம் என்று சொல்லி லட்சக்கணக்கில் செலவழித்து அளக்கிற விஷயம் அது. மற்றவர்கள் ஓடிப்போனபோது ஆய்வகத்திலேயே தங்கி வெடிப்பைப் பதிவு செய்தார். எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்கு எரிமலை சொல்லிக்கொடுக்கவில்லை.

பெரெட் மாதிரி ஒருவர் இன்றைக்கு உள்ளே நுழைய முடியாது. இருபதாம் நூற்றாண்டு போகப் போக முனைவர் பட்டம் என்பதே நுழைவுச்சீட்டு ஆகிவிட்டது. கருவிக்கும் முகவரிக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு காகிதம் வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்தக் காகிதத்துக்காகக் கப்பல் ஏறியவர்களில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் முக்கியமானவர். மா. சீ. கிருஷ்ணன், 1898இல் தஞ்சைப் பக்கம் பிறந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலும், பிறகு மெட்ராஸ் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். அதற்கு மேல் நிலவியலில் முறையாக ஆய்வு செய்ய லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போக வேண்டியிருந்தது. 1924இல் முனைவர் பட்டம், அதே ஆண்டு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை. 1851இல் தொடங்கிய அந்தத் துறைக்கு ஓர் இந்தியர் இயக்குநராக வர நூறு வருஷம் ஆனது, 1951இல். அந்த முதல் இந்தியர் கிருஷ்ணன்தான். 1943இல் அவர் எழுதிய இந்திய, பர்மிய நிலவியல் நூலைப் படிக்காமல் பல தலைமுறை மாணவர்கள் தேர்வு எழுதியதில்லை. அவள் அலமாரியிலும் அதன் ஒரு பழைய பதிப்பு இருக்கிறது, மூர் மார்க்கெட் வாசனையோடு.

கிருஷ்ணன் எரிமலைக்காரர் இல்லை. ஆனால் வழி அதேதான். பாறை இங்கே, பட்டம் அங்கே. படித்துவிட்டுத் திரும்பி வந்து இங்கிருக்கும் பாறையை இங்கிருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். நூறு வருஷம் கழித்து இந்தப் பெண் கேட்கும் கேள்வியும் ஏறக்குறைய அதுவே.

4

இந்தத் துறையில் பிஎச்டி மாணவர் என்றால் யார் என்று ஒரே ஓர் ஆளை வைத்துச் சொல்லச் சொன்னால் நான் ஹாரி கிளிக்கனைச் சொல்வேன்.

1980 மே மாதம். அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலையின் ஒரு பக்கம் வீங்கிக்கொண்டே வந்தது. மலையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி ஒரு கண்காணிப்பு இடத்தில் 22 வயது மாணவர் கிளிக்கன் இரண்டு வாரமாகத் தங்கியிருந்தார். மே 17 அன்று கலிஃபோர்னியாவில் இருந்த தன் பேராசிரியரை மேற்படிப்பு விஷயமாகப் பார்க்க அவர் கிளம்ப வேண்டியிருந்தது. அவர் இடத்துக்கு டேவிட் ஜான்ஸ்டன் என்ற 30 வயது விஞ்ஞானி வந்தார். மறுநாள் காலை 8:32க்கு மலையின் வடக்குப் பக்கம் முழுதாகச் சரிந்தது. உலகம் பதிவு செய்ததிலேயே மிகப் பெரிய நிலச்சரிவு. அதன் பின்னாலேயே பக்கவாட்டில் வெடிப்பு. ஜான்ஸ்டன் உடல் கிடைக்கவில்லை. மொத்தம் 57 பேர்.

கிளிக்கன் தன் முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது அந்தச் சரிவையேதான். மலை உடைந்து ஓடினால் அடிவாரத்தில் சின்னச் சின்னக் குன்றுகளாகக் குவியும். அந்தக் குன்றுகளை ஒவ்வொன்றாக வரைபடமாக்கினார். அதற்கு முன்னால் உலகின் பல எரிமலை அடிவாரங்களில் அப்படிப்பட்ட குன்றுகளை நிலவியலாளர்கள் பார்த்திருந்தார்கள், என்னவென்று சரியாகப் புரியவில்லை. கிளிக்கனின் வேலைக்குப் பிறகு, 'ஓ, இந்த மலையும் ஒருகாலத்தில் உடைந்து விழுந்திருக்கிறது' என்று இடம் இடமாகக் கண்டுகொண்டார்கள்.

பட்டம் வாங்கிய பிறகு அவர் ஆசைப்பட்ட நிரந்தர வேலை, அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையில், கிடைக்கவே இல்லை. ஜப்பானுக்கு ஆய்வாளராகப் போனார், மொழிபெயர்ப்பு வேலையும் பார்த்தார். 1991 ஜூன் 3 அன்று உன்சென் மலையில், புகழ்பெற்ற எரிமலைத் தம்பதி மோரிஸ், காத்யா கிராஃப்ட் இருவரோடும் அருகில் போனபோது, பெலேயில் வந்தது போன்ற தீ மேகம் வந்தது. 43 பேர் இறந்தார்கள். கிளிக்கனுக்கு வயது 33. அவருடைய செயின்ட் ஹெலன்ஸ் ஆய்வு அரசு அறிக்கையாக முழுமையாக வெளிவந்தது 1996இல்.

இந்தக் கதையை அக்காவிடம் சொல்லவில்லை. அவளிடம் சொன்னேன். "தெரியும் மாமா" என்றாள். "அதுக்கப்புறம்தான் எல்லாரும் சேட்டிலைட்டுக்கு மாறினாங்க." முழுக்க அப்படி இல்லை, ஆனால் பாதி உண்மை.

5

இனி நடைமுறை. நகரத்தில் ஒரு வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை நிறுவனத்துக்கு அவளோடு நானும் போனேன். முழுப் பணம் கட்டிப் படிக்கும் முதுகலைப் படிப்புகளின் பட்டியலைத்தான் எடுத்து நீட்டினார்கள். அவளிடம் ஏற்கெனவே முதுகலை இருக்கப்போகிறது என்று சொன்னதும் இன்னொரு முதுகலையைக் காட்டினார்கள். முனைவர் பட்டத்துக்குக் கமிஷன் வராது என்பதால் இருக்கலாம். பலருக்கும் தெரியாத அடிப்படை விஷயம் இதுதான்: அறிவியலில் நல்ல பிஎச்டி இடம் என்பது நாம் காசு கொடுத்து வாங்குவது இல்லை, அவர்கள் காசு கொடுத்து நம்மை வைத்துக்கொள்வது.

நாட்டுக்கு நாடு வழி வேறு. ஜெர்மனியில் பெரும்பாலும் அது வேலை ஒப்பந்தம், முழுச் சம்பளத்தில் பாதி அல்லது மூன்றில் இரண்டு பங்கு தருவார்கள். மியூனிக், மைன்ஸ், கீல் நகரங்களில் மாக்மாவை ஆய்வகத்தில் உருக்கிப் பார்ப்பது முதல் கடலடி எரிமலை வரை வேலை நடக்கிறது. அமெரிக்காவில் கற்பித்தல் உதவியாளர், ஆய்வு உதவியாளர் பதவிகள் வழியாகக் கட்டணம் தள்ளுபடியாகி மாதச் செலவுக்கும் பணம் வரும். விண்ணப்பக் கெடு டிசம்பரிலும் ஜனவரியிலும். பிரிட்டனில் அரசு ஆய்வு நிதி 2021 வரை பெரும்பாலும் உள்ளூர் மாணவர்களுக்குத்தான். அந்த ஆண்டிலிருந்து வெளிநாட்டவருக்கும் திறந்தார்கள், ஆனால் 30 சதவீதம் வரைதான். நியூஸிலாந்தில் வெளிநாட்டு முனைவர் பட்ட மாணவர்களும் உள்நாட்டு மாணவர்களுக்கான கட்டணமே கட்டினால் போதும் என்று 2006 முதல் விதி. எரிமலை மேலேயே உட்கார்ந்திருக்கும் ஆக்லாந்து அங்கேதான் இருக்கிறது. ஜப்பான் அரசின் உதவித்தொகைக்கு ஆண்டுதோறும் தூதரகங்கள் வழியாக அறிவிப்பு வரும். சென்னையில் அவர்களுடைய துணைத் தூதரகம் செனடாப் ரோட்டில், எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

நமக்கு மிக அருகில் சிங்கப்பூர். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2008இல் தொடங்கிய புவி கண்காணிப்பு மையத்தில் இந்தோனேசிய, பிலிப்பைன்ஸ் எரிமலைகளைப் படிக்கிறார்கள். எரிமலையே இல்லாத தீவு, ஆனால் சாம்பல் வந்து விழுந்தால் விமான நிலையமே முடங்கும் தீவு. அதனால் படிக்கிறது. எரிமலை இல்லாத ஊரிலிருந்து எரிமலை படிக்க வேண்டுமா என்ற அக்காவின் கேள்விக்கு ஒரு நாடே பதிலாக இருக்கிறது.

இந்தியாவிலேயே செய்வதும் ஒரு வழி, அதைக் குறைவாக நினைக்கத் தேவையில்லை. நெட் தேர்வில் ஜேஆர்எஃப் வாங்கினால் மாதம் 37,000 ரூபாய். இங்கே பதிவு செய்துகொண்டு ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு உதவியில் ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்கா போய்வரலாம். மும்பை ஐஐடியின் ஹேது சேத் போன்றவர்கள் தக்காணத்து எரிமலைப் பாறைகளிலும் அந்தமானிலும் செய்த வேலை உலகத் தரம்.

கதவுகளைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் அது ஆலோசனை நிறுவனம் செய்கிற வேலை. கதவுக்குப் பின்னால் என்ன என்பதும் தெரிய வேண்டும். உலகில் எரிமலைகளைக் கண்காணிக்கிற நிரந்தர வேலைகள் பெரும்பாலும் அரசு வேலைகள். அவற்றில் பலவற்றுக்கு அந்தந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும். படிக்கக் கூப்பிடுவார்கள், மலையைக் காவல் காக்கக் கூப்பிட மாட்டார்கள். அமெரிக்கரான கிளிக்கனுக்கே கிடைக்காத வேலை அது. இதை முதலிலேயே தெரிந்துகொண்டு போகிறவர்களுக்கும், நாலு வருஷம் கழித்துத் தெரிந்துகொள்கிறவர்களுக்கும் வித்தியாசம் உண்டு.

6

அப்படியென்றால் எதற்குப் போக வேண்டும்? இதற்கு அவளே ஒரு பதில் வைத்திருந்தாள். அதைக் கேட்ட பிறகுதான் நான் அவள் கட்சிக்கு மாறினேன்.

போர்ட் பிளேயரிலிருந்து வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டரில் பாரன் தீவு. தெற்காசியாவில் இன்றும் உயிரோடு இருக்கும் எரிமலை என்று உறுதியாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். 1787இல் அது வெடித்தது பதிவாகியிருக்கிறது. எஃப். ஆர். மாலெட் 1885இல் அதைப் பற்றி நிலவியல் துறைக்காக எழுதினார். நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் அமைதியாக இருந்துவிட்டு, 1991இல் மறுபடி எழுந்தது. அதற்குப் பிறகு அடிக்கடி வெடிக்கிறது. 2017 ஜனவரியில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்து விஞ்ஞானிகள் கப்பலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பலைக் கக்கியது. மனிதர் குடியிருப்பு இல்லை, அனுமதி இல்லாமல் போக முடியாது. ஆகவே தூரத்திலிருந்துதான் பெரும்பாலான வேலை.

2018 டிசம்பர் 22 இரவு கிரகடோவா இருந்த அதே இடத்தில் முளைத்த அனாக் கிரகடோவாவின் ஒரு பக்கம் கடலுக்குள் சரிந்தது. கிளிக்கன் வரைபடமாக்கிய அதே வகைச் சரிவு. அலை எழும்பி 400 பேருக்கு மேல் இறந்தார்கள். எச்சரிக்கை இல்லை. காரணம் எளிது: சுனாமி எச்சரிக்கை முறைகள் பெரிய பூகம்பத்தைக் கேட்டால் விழித்துக்கொள்ளும்படி கட்டப்பட்டவை. மலை சரிந்தால் அப்படிப்பட்ட பூகம்பம் வராது. இத்தனைக்கும் அந்தச் சரிவு நடந்தால் அலை எப்படிப் போகும் என்று 2012லேயே ஓர் ஆய்வுக் கட்டுரை கணக்கிட்டிருந்தது.

2004க்குப் பிறகு வங்கக் கடலோரத்தில் இருக்கிற நமக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. கடல் எங்கேயோ அசைந்தால் நாகப்பட்டினத்தில் என்ன ஆகும் என்று ஒரு தலைமுறைக்கே தெரியும். 1883இல் நாகப்பட்டினத்து அலை அளவி கிறுக்கியது சின்னக் கோடு. அடுத்த கோடு எப்படி இருக்கும் என்று நம் பக்கத்திலிருந்து யோசிக்க ஆள் வேண்டும். 2025 நவம்பரில் எத்தியோப்பியாவின் ஹைலி குப்பி வெடித்து, அதன் சாம்பல் வட இந்தியா வரை வந்து விமானங்கள் ரத்தானபோது, பல பேருக்கு அந்த மலையின் பெயரே அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் இரண்டு நாள் செயற்கைக்கோள் படங்களிலேயே கிடந்தாள்.

அவள் எடுத்துக்கொண்ட கேள்வி: கடலில் நிற்கும் சின்ன எரிமலைகளின் சரிவுகள் வருஷத்துக்கு எவ்வளவு நகர்கின்றன என்று ரேடார் செயற்கைக்கோளை வைத்து அளக்க முடியுமா? ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 படங்கள் யாருக்கும் இலவசம். ஒரே இடத்தை வேறு வேறு நாட்களில் எடுத்த இரண்டு ரேடார் படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கழித்தால், தரை சில சென்டிமீட்டர் நகர்ந்திருந்தாலும் வண்ணப் பட்டைகளாகத் தெரியும். அதற்கு எழுத வேண்டிய நிரல்களில் கொஞ்சம் நான் உதவினேன். பகலில் வங்கி மென்பொருளில் பிழை தேடுகிறவனுக்கு ராத்திரியில் ஒரு தீவின் மூச்சைத் தேடுவது சுகமாகத்தான் இருந்தது. நூறு வருஷம் முன்னால் பெரெட் கட்டில் கம்பியில் கேட்டது இப்போது லேப்டாப்பில் வருகிறது. பொறியியல் படித்தவர்களுக்கும் இந்தத் துறையில் இடம் இருக்கிறது என்பதை இதை வாசிக்கிற தம்பி தங்கைகளுக்காகச் சேர்த்துச் சொல்கிறேன். பூகம்பத் தரவுகளைக் கையாள உலகம் முழுக்கப் பயன்படும் ஒப்ஸ்பை என்ற பைத்தான் நூலகத்தைத் தொடங்கியது மியூனிக் பல்கலைக்கழகத்துக்காரர்கள்தான்.

அந்தப் படங்களோடுதான் அவள் பேராசிரியர்களுக்கு எழுதினாள். முதலில் எழுதிவைத்திருந்த கடிதத்தில், சிறுவயது முதலே எரிமலை மீது ஆர்வம் என்று ஒரு பத்தி இருந்தது. அதை எடுத்துவிடச் சொன்னேன். அவர்களுக்கு வருகிற எல்லாக் கடிதத்திலும் அந்தப் பத்தி இருக்கும். அதற்குப் பதில் ஒவ்வொருவருடைய கடைசி இரண்டு மூன்று கட்டுரைகளைப் படித்து, அதில் விட்டுப்போன ஒரு கேள்வியைக் கேட்டு, தன் படத்தை ஒட்டி, நாலே பத்தியில் முடித்தாள். பதினோரு பேருக்கு எழுதினாள். நாலு பேர் பதில் போட்டார்கள். இரண்டு பேர் நிதி இல்லை என்றார்கள். ஒருவர் அடுத்த வருஷம் விண்ணப்பிக்கச் சொன்னார். ஒருவர் மட்டும், மரம் அடர்ந்த சரிவில் ரேடார் அலை சிதறிவிடுமே, அதை எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்டு நீளமாக எழுதியிருந்தார். அதற்கு அவளிடம் பதில் இல்லை. ஒரு வாரம் உட்கார்ந்து, பதில் இல்லை என்பதையும் எங்கே மாட்டிக்கொள்கிறது என்பதையும் படம் போட்டு அனுப்பினாள். உடனே காணொளிப் பேச்சுக்கு நேரம் கேட்டு மடல் வந்தது.

போன வாரம் அந்தப் பேச்சு நடந்தது. நாற்பது நிமிடம். அக்கா கதவுக்கு வெளியே நின்று ஒரு வார்த்தை புரியாமல் முழுதும் கேட்டாள். விண்ணப்பம் போட்டாகிவிட்டது, முடிவு மார்ச்சில் தெரியும். உதவித்தொகைப் பட்டியலில் பெயர் வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் ஜேஆர்எஃப் இருக்கிறது, ஜூனில் அடுத்த தேர்வு.

நேற்று அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். இந்த ஊரில் இல்லாததை ஏன் படிக்க வேண்டும் என்ற கேள்வியை அவள் எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியாது. இப்போது அவளுக்கு வேறு கேள்வி இருந்தது.

"அந்த மலைக்குப் பக்கத்துல குளிருமாடா, இல்ல சூடா இருக்குமா? ஸ்வெட்டர் வாங்கணுமா வேண்டாமா?"